பதினேழு டிகிரி

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, இயக்குநர் அம்மா. அவருக்கு வலப்பக்கம் உலைப் பிரிவின் தலைவர். எங்களுக்குள் அவருக்கு அனலார் என்று பெயர். இடப்பக்கம், வெளியிலிருந்து நிபுணராக வந்திருந்த பேராசிரியர், பிஸ்கட் தட்டு கைக்கெட்டும் தூரத்தில். அவருக்கு அடுத்து நிர்வாக அதிகாரி, விதிப் புத்தகத்தின் மேல் முழங்கையை ஊன்றியபடி. கதவோரம், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், குறிப்பேட்டோடு நான். எனக்கு எதிரில் ஒரு நாற்காலி காலி. நேர்காணலுக்கு வருகிறவர் உட்காருவதற்கு.

அரசாங்கத்துப் பொருளறிவியல் ஆய்வகத்தில் கடிதப் பிரிவு என்னுடையது. பத்தொன்பது வருடமாக. நான் விஞ்ஞானம் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் இங்கே யார் எதைச் சுட்டாலும், உடைத்தாலும், அளந்தாலும், கடைசியில் அது கடிதமாகி என் மேசை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். எழுத எழுத விஷயமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

உலைப் பிரிவில் ஒரே ஓர் ஆராய்ச்சியாளர் பணியிடம். நாற்பத்தொரு விண்ணப்பம் வந்தது. எழுத்துத் தேர்வில் நான்கு பேர் தேறினார்கள். அந்த நான்கு பேருக்கும் முந்தின நாள் செய்முறைத் தேர்வு. கேள்வி ஒரே வரிதான்: கொடுக்கப்பட்ட மண் வில்லையை ஆயிரத்து ஐம்பது டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு, அது எத்தனை சதவீதம் சுருங்கியது என்று எழுதுக. ஆளுக்கு ஒரு நாள் கொடுக்க வசதியில்லை. ஆகையால் ஒரே உலையின் நான்கு குழாய்களை நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தோம். சூட்டை அளக்க நான்குக்கும் ஒரே கம்பி, ஒரே திரை.

மூன்று பேர் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுச் சிற்றுண்டிச் சாலையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். நான்காவது, ஒரு பெண். மின்கம்பங்களில் தொங்கும் பீங்கான் காப்பான்கள் செய்கிற தொழிற்சாலையில் சூளைச் சோதகர், ஒப்பந்த வேலை. அவர் மத்தியானம் வரைக்கும் வில்லையை உறையிலிருந்தே எடுக்கவில்லை. மெல்லிய ஏதோ ஒன்றைப் படகு போன்ற சின்னப் பீங்கான் தட்டில் வைத்து உள்ளே தள்ளுகிறார், வெளியே இழுக்கிறார், லென்ஸ் வைத்துப் பார்க்கிறார், எழுதுகிறார், மறுபடி தள்ளுகிறார். உலைக்காவலர் என்னிடம் வந்து, "அந்தம்மா பரீட்சை எழுதுறாங்களா, தோசை சுடுறாங்களான்னு தெரியல சார்," என்றார்.

வரவேற்பறையில் அந்தப் பெண்ணின் கணவர் காத்திருந்தார். பேருந்து நடத்துநர், விடுப்புப் போட்டு வந்திருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னும் முடியலையா சார்?"

"மத்தவங்க முடிச்சாச்சு. உங்க வீட்டுக்காரம்மா மட்டும்தான்."

"அவ அப்படித்தான். வீட்ல குக்கர் மூணு விசில் அடிச்சாலும் நம்ப மாட்டா. திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பாத்தாத்தான் இறக்குவா. ஒரு நாளாச்சும் சூடா சாப்டிருப்பேனான்னா கிடையாது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது கிடைக்கணும் சார். அடுத்த மாசம் அவளுக்கு முப்பத்தஞ்சு முடியுது. அப்புறம் நீங்களே கூப்பிட்டாலும் உங்க சட்டம் விடாது."

அது எனக்கும் தெரிந்த கணக்குதான். விண்ணப்பத்தில் பிறந்த தேதியைச் சரிபார்த்தவன் நான். வயது வரம்பு முப்பத்தைந்து. இன்னும் பத்தொன்பது நாள். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஆள் எடுப்பார்கள்.

மறுநாள் காலை நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்ததும் முதல் வேலை விடை உறையைப் பிரிப்பது. அந்த விடையை அனலாரே போன வாரம் அதே உலையில் ஐந்து வில்லைகளைச் சுட்டு, சராசரி எடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார். நிர்வாக அதிகாரி உறையைக் கிழித்துப் படித்தார். "பதினாலு புள்ளி ஒண்ணு. அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்."

முதல் மூவருடையதும் அதற்குள் வந்தது. நான்காவது தாளில் பன்னிரண்டு புள்ளி ஆறு என்றிருந்தது.

"சுழியம்," என்றார் நிர்வாக அதிகாரி. முப்பது மதிப்பெண் போனது.

தாள்களை வாங்கி அடுக்க வேண்டியது என் வேலை. அடுக்கும்போதுதான் பார்த்தேன். அந்த நான்காவது தாளின் பின்பக்கம் நான்கு துண்டுகள் ஒட்டும் நாடாவால் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். 1040, 1046 என்று எழுதியிருந்த இரண்டும் தலைமுடி போன்ற மஞ்சள் கம்பிகள், நேராக. 1048, 1050 என்று எழுதியிருந்த இடத்தில் கம்பி இல்லை. கடுகில் பாதியளவு இரண்டு மணிகள்தான் மின்னின. கீழே ஒரு வரி: "திரை காட்டுவதைவிட உலையில் ஏறத்தாழ பதினேழு டிகிரி அதிகம் உள்ளது. எனவே மற்றவர்கள் முடித்த பின் 1033இல் வைத்துச் சுட்டேன்."

எழுந்து போய் இயக்குநர் அம்மாவின் முன்னால் தாளைத் திருப்பி வைத்தேன். குறிப்பெடுக்கிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். தாளைத் திருப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா படித்துவிட்டு அதை அனலார் பக்கம் தள்ளினார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். காதுமடல் சிவந்தது.

"அவங்களைக் கூப்பிடுங்க," என்றார் அம்மா.

அந்தப் பெண் வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் கைப்பை. கையில் பழைய சூட்டுத் தழும்புகள்.

நிர்வாக அதிகாரி ஆரம்பித்தார். "உலையைச் சரிபாக்கச் சொல்லி கேள்வியில இல்லையேம்மா."

"ஆயிரத்து ஐம்பதுல சுடச் சொல்லியிருந்தீங்க சார். அது ஆயிரத்து ஐம்பதுதானான்னு பாத்தேன்."

"அது எங்க வேலை இல்லையா?"

"உங்க வேலைதான். அந்த வேலைக்குத்தானே சார் மனு போட்டிருக்கேன்."

பேராசிரியர் பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்திச் சிரித்தார். "அது சரி, அது என்ன கம்பி? நகைக்கடையில வாங்கினதா?"

"நகைத் தங்கம் ஆகாது சார். அதுல செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும், சீக்கிரமே உருகிடும். இது சுத்தத் தங்கம். ஆயிரத்து அறுபத்து நாலுல உருகும், ஒரு டிகிரி முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. எங்க தொழிற்சாலையில மீட்டர் பொய் சொல்லும். புதுசு கேட்டா மூணு மாசம். அதனால ஒரு சாண் கம்பி வாங்கி வெச்சுக்கிட்டேன். நகத்தளவு வெட்டி உள்ள அனுப்புவேன். உருகி மணியானா அதையும் எடுத்து வெச்சிருவேன். வீணாகாது."

அதுவரை பேசாமல் இருந்த அனலார் தாளைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டு வருஷமா அந்த உலை என் கையில இருக்கு. தை மாசம்தான் சான்றிதழ் வாங்கினேன். வேற ஒருத்தர் அதுல கை வெச்சதில்லை."

"தெரியும் சார். சூளையில சரக்கு அடுக்குறதைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் எங்க அடுக்கு முறையவே மாத்தினோம். உடைசல் பாதியாச்சு."

"அப்புறம்?"

"அப்புறமும் தங்கம் உருகிடுச்சு சார்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அனலாரைப் பார்த்தேன். அவர் உலையைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் பிள்ளையைத் திட்டின மாதிரி கோபம் வரும் அவருக்கு. இந்தப் பெண்ணுக்கு அந்த முப்பது மதிப்பெண்ணும் போய், நேர்காணல் முப்பதும் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவர் எழுந்து வெளியே போனார். சற்றுப் பொறுத்து இயக்குநர் அம்மாவும் எழுந்தார். பிறகு நாங்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நடைபாதையில் போனோம். பேராசிரியர் தட்டையும் கையோடு கொண்டுவந்தார்.

உலைக்கூடத்தில் அனலார் அளவுத் தர அறையிலிருந்து ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். உலைக்குள் நுழைத்துச் சூட்டை அளக்கும் கம்பிக்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். ஒவ்வோர் உலையிலும் ஒன்று நிரந்தரமாக இருக்கும். பெட்டியில் இருப்பது மற்றவற்றைச் சரிபார்ப்பதற்காகவே பூட்டி வைத்திருக்கிற தாய்க்கம்பி. அதைக் குழாய்க்குள் விட்டு, உலையை ஆயிரத்து ஐம்பதில் நிறுத்தி, நாற்பது நிமிடம் காத்திருந்தார். உட்காரவில்லை.

உலையின் திரையில் ஆயிரத்து ஐம்பது. தாய்க்கம்பியின் திரையில் ஆயிரத்து அறுபத்தேழு.

"இன்னொரு தடவை," என்றார். அடுத்த குழாயில் பார்த்தார். அறுபத்தேழு. மூன்றாவதிலும் பார்த்தார். அறுபத்தாறரை.

பிறகு பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, குனிந்தபடியே வெகுநேரம் இருந்தார். நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"கம்பியோட முனை கட்டைவிரல் அகலம் வெளிய வந்திருக்கு. குளிர்ச்சியான இடத்துல நின்னுக்கிட்டு அங்கத்தைய சூட்டைச் சொல்லிக்கிட்டிருக்கு. மூணு மாசம் முன்னாடி செங்கல் மாத்தினப்போ உருவி எடுத்தேன். திரும்பச் செருகினதும் நான்தான். முழுசாச் செருகலை." என் பக்கம் திரும்பினார். "குறிப்புல எழுதிக்குங்க."

"எப்படி சார் எழுதணும்?"

"நான் இப்ப சொன்னபடியே."

எழுதினேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய நடவடிக்கைக் குறிப்புகளில் "தவறு நேர்ந்தது" என்று ஆயிரம் இடத்தில் வரும். தவறு எப்போதும் தானாகவே நேரும், மழை பெய்வது போல. தவறு தன்னுடையது என்று ஒருவர் நின்றுகொண்டு சொல்லி, அதை அப்படியே நான் எழுதியது அன்றுதான்.

அறைக்குத் திரும்பினோம். அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். இப்போது மதிப்பெண் பிரச்சினை. விடை உறையே தப்பு. அப்படியானால் அந்த மூன்று பேருக்கும் சுழியம் போட வேண்டும் என்றார் பேராசிரியர். விடையை மாற்ற விதியில் இடமில்லை என்றார் நிர்வாக அதிகாரி. அம்மா அந்தப் பெண்ணையே கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. மத்த மூணு பேரை என்ன செய்யலாம்?"

அவர் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே யோசித்தார். மூவருக்கும் சுழியம் என்றால் வேலை அவருடையது. அது அறையில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அவங்க அரசாங்க உலையை நம்பினாங்க. அதுல தப்பு சொல்ல முடியாதுங்க மேடம். எங்க மீட்டர் ஒழுங்கா இருந்திருந்தா நானும் நம்பியிருப்பேன்."

செய்முறையில் நால்வருக்கும் முழு மதிப்பெண் என்று முடிவாயிற்று. அந்தப் பெண்ணை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற மூவரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினோம். நேர்காணலில் அனலார் அந்தப் பெண்ணுக்கு முப்பதுக்கு முப்பது போட்டார். எல்லாவற்றையும் கூட்டினேன். இரண்டு முறை கூட்டினேன். தங்கப் பதக்கம் வாங்கிய இளைஞர் ஒருவர் முதலிடம். அந்தப் பெண் ஒன்றரை மதிப்பெண் குறைந்து இரண்டாமிடம். எழுத்துத் தேர்வில் அந்த இளைஞர் முந்தியிருந்ததால் வந்த வித்தியாசம் அது.

இடம் ஒன்றுதான். "முடிஞ்சுது," என்றார் நிர்வாக அதிகாரி, பேனாவை மூடி.

"முடியலை," என்றார் அனலார். "கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்தை எடுங்க. ஒன்பதாவது பிரிவு."

கடல் தாண்டி ஓர் எலும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உடைந்த எலும்பின் பள்ளத்தை நிரப்பும் பீங்கானை அவர்கள் கலந்து அனுப்ப, நாங்கள் சுட்டு, வலிமை பார்த்து அனுப்புவோம். மூன்று வருட ஒப்பந்தம். அந்தக் கோப்பு என்னிடம்தான். ஒன்பதாவது பிரிவை எனக்கு மனப்பாடமாகவே தெரியும்: இரு நிலையங்களும் ஒப்பினால், கூட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரை இங்கே அமர்த்தலாம். வயது வரம்பு நாற்பது. அந்த இடம் ஒரு வருடமாகக் காலி. "என் உலைக்கு இன்னொருத்தர் எதுக்கு" என்று சொல்லி மூன்று முறை கோப்பைத் திருப்பி அனுப்பியவர் அனலாரேதான்.

"நாலாவது தடவை நானே கேக்குறேன்," என்றார்.

அப்போது ஒரு சிக்கல் எல்லோருக்கும் ஒன்றாக உறைத்தது. இந்த மூன்று மாதத்தில் அவர்களுக்காகச் சுட்ட வில்லைகள் பதினொரு தொகுதி. பதினொன்றும் பதினேழு டிகிரி அதிகமாக வெந்தவை. அந்த எண்களை வைத்து இரு நிலையமும் சேர்ந்து எழுதிய கட்டுரையை அனலார் அடுத்த மாதம் மாநாட்டில் படிப்பதாக இருந்தது.

நிர்வாக அதிகாரி தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை, காரியக்காரர். "ஒண்ணு செய்யலாம். இப்ப ஆள் வேணும்னு மட்டும் கேப்போம். சம்மதக் கடிதம் வரட்டும். அந்தம்மா வந்து சேரட்டும். மத்ததை அப்புறமா பக்குவமா எழுதிக்கலாம். ரெண்டையும் சேத்து எழுதினா கோவத்துல ஒப்பந்தத்தையே முறிச்சாலும் முறிப்பாங்க."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையும் சொன்னேன்.

அம்மா அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "இது உங்க இடத்தைப் பத்தின பேச்சு. நீங்களும் சொல்லலாம்."

"பதினொண்ணையும் திரும்பச் சுட வேண்டியிருக்கும்ல மேடம்? அதுக்கு மண்ணை அவங்கதானே அனுப்பணும்? எதுக்குன்னு கேப்பாங்களே. சொல்லாம எப்படிக் கேட்டு வாங்குறது?"

அனலார் முதல்முறையாகச் சிரித்தார். "கேட்டீங்களா? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. ஒரே கடிதமா எழுதுங்க. முதல்ல தப்பு. அப்புறம் ஆள்."

அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தக் கடிதத்தோடு மல்லுக்கட்டினேன். முதல் வரைவில் "சிறு விலகல்" என்று எழுதினேன். அனலார் "சிறு"வை அடித்தார். இரண்டாவதில் "கருவியில் ஏற்பட்ட" என்று எழுதினேன். அதை அடித்து "நான் பொருத்தியதில்" என்று மேலே எழுதினார். மூன்றாவதில் அந்தப் பெண்ணைப் பற்றி "தகுதி வாய்ந்த விண்ணப்பதாரர்" என்று எழுதியிருந்தேன். "இது யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். அவங்க செஞ்சதை எழுதுங்க," என்றார். எழுதினேன். வேலை கேட்டு வந்த இடத்தில், தேர்வு நடத்துகிறவரின் உலையையே நம்பாமல், நான்கு துண்டுக் கம்பியால் அரை நாளில் அதன் குறையை ஒரு டிகிரிக்குள் கண்டுபிடித்தார் என்று. கம்பிகள் ஒட்டியிருந்த தாளையும் படமெடுத்துச் சேர்த்தோம். பெயருக்குக் கீழே அனலார் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் கணவரோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றதைப் பார்த்தேன். "என்ன சார் ஆச்சு?" என்றார் கணவர்.

"கடிதம் போட்டிருக்கோம். பதில் வரணும்."

"அவ சொல்றதைப் பாத்தா பாஸா ஃபெயிலான்னே புரியல சார்."

"ரெண்டும் இல்லைங்க," என்றார் அந்தப் பெண். "வெந்துக்கிட்டிருக்கு."

பதில் ஒன்பது நாளில் வந்தது. அந்த ஒன்பது நாளும் அனலார் தினம் இரண்டு முறை என் மேசைப் பக்கம் வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அவர்கள் எழுதியிருந்தது அரைப் பக்கம். கூட்டுக் கட்டுரையை மாநாட்டிலிருந்து திரும்பப் பெறுகிறோம். பதினொரு தொகுதிக்கும் புதிய கலவை அனுப்புகிறோம். இனி ஒவ்வொரு முறை சுடும்போதும் உலை சரிபார்த்த விவரம் தனித்தாளில் வர வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்திடும் பொறுப்பில் நீங்கள் குறிப்பிட்டவரையே அமர்த்த எங்களுக்குச் சம்மதம்.

அனலார் முதல் வரியைப் படித்தபோது முகம் சுருங்கியது. இரண்டு வருட உழைப்பு அது. கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தை என்னிடம் நீட்டி, "நியமனக் கடிதம் போடுங்க. இன்னிக்கே," என்றார்.

அதில் ஒரே விஷயம்தான் இருந்தது. ஆகவே வரைவு ஒன்றே போதுமானதாக இருந்தது. பதவி, காலம், சேர வேண்டிய தேதி, கொண்டுவர வேண்டிய சான்றுகள். இயக்குநர் அம்மா படித்துக் கையெழுத்திட்டார். ஒரு கடிதத்துக்காக அனலார் தபால் பிரிவுக்கே வந்து நின்றது அன்றுதான் முதல் தடவை. முகவரியில் கதவு எண்ணை விண்ணப்பத்தோடு ஒத்துப் பார்த்தார்; பிறகு நானும் ஒத்துப் பார்த்தேன். தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டேன். பசை தடவி ஒட்டினேன். அவர் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திவிட்டார்.

"பதிவுத் தபாலா, சாதாரணமா?" என்றார் பை கட்டுகிறவர்.

"பதிவு," என்றோம் இருவரும்.

முத்திரை விழுந்தது. உறை பைக்குள் போனது. நாலே காலுக்கு வண்டி கிளம்பியது.